அவுட்போர்டு மோட்டாருக்கு ஏற்ற புரொபெல்லர்

அவுட்போர்டு மோட்டார் எத்தனை குதிரைத்திறன் கொண்டதானாலும், அந்தத் திறன் முழுவதும் படகுக்குப் போய்ச் சேர்வதில்லை. புரொபெல்லர் நீரைப் பின்னுக்குத் தள்ளும் அளவுக்குத்தான் படகு முன்னுக்கு நகர்கிறது. இன்ஜினைத் தேர்ந்தெடுக்கப் பல நாள் விசாரிப்பவர்கள்கூடப் புரொபெல்லரைப் பற்றி யோசிப்பது அபூர்வம். புது இன்ஜினோடு எது வந்ததோ அதையே மாட்டி ஓட்டுவார்கள். இன்ஜினைத் தயாரித்தவருக்கு அது எந்தப் படகில் ஏறப்போகிறது என்பது தெரியாது. அதனால் அவர் அனுப்புவது யாருக்கும் பெரிதாகக் கெடுதல் செய்யாத ஒரு நடுத்தரப் புரொபெல்லர். வெள்ளத்தில் ஆட்களை மீட்கும் ரப்பர் படகிலும், வலையும் ஐஸும் ஏற்றிய நாகப்பட்டினத்து ஃபைபர் படகிலும், ஊட்டி ஏரியின் சுற்றுலாப் படகிலும் ஒரே இன்ஜினை மாட்டினால், மூன்றுக்கும் பொருந்தும் புரொபெல்லர்கள் மூன்று வகையாக இருக்கும்.

புரொபெல்லரின் நடுவில், தண்டில் மாட்டும் குடத்தில் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் விட்டம், இரண்டாவது எண் பிட்ச், இரண்டும் அங்குலத்தில். விட்டம் என்பது சுழலும்போது இறக்கை நுனிகள் போடும் வட்டத்தின் குறுக்களவு. பிட்ச் என்பது இறக்கையின் சாய்வைக் குறிக்கிறது. மரத்தில் இறங்கும் திருகாணி ஒரு சுற்றுக்கு எவ்வளவு உள்ளே போகுமோ, அதுபோல நீர் கெட்டிப்பொருளாக இருந்திருந்தால் புரொபெல்லர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறியிருக்கும் என்ற கணக்கு அது. 10 அங்குல பிட்ச் என்றால் சுற்றுக்கு 25.4 சென்டிமீட்டர். நீர் கெட்டிப்பொருள் அல்ல. இறக்கை தள்ளும்போது அது பின்னால் விலகிக் கொடுக்கிறது. ஆகவே படகு எப்போதும் கணக்கைவிடக் குறைவாகவே முன்னேறும். இந்தக் குறைவுக்கு நழுவல் என்று பெயர்.

நழுவல் என்றதும் அது ஏதோ கோளாறு என்று தோன்றும். நழுவல் இல்லாவிட்டால் உந்துவிசையே இல்லை. நீர் பின்னால் போனால்தான் படகு முன்னால் போகும். கேள்வி, எவ்வளவு நீரை எவ்வளவு வேகத்தில் தள்ளுகிறோம் என்பதுதான். உந்துவிசை, தள்ளப்படும் நீரின் நிறையையும் அதற்குக் கொடுக்கப்படும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆனால் அந்த நீரோடு வீணாகப் போகும் ஆற்றல், நிறையையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. இரண்டு மடங்கு நீரைப் பாதி வேகத்தில் தள்ளினால் உந்துவிசை மாறாது. வீணாகும் ஆற்றல் மட்டும் பாதியாகிவிடும். பெரிய விட்டமுள்ள புரொபெல்லர் மெதுவாகச் சுழன்று அதிக நீரை நிதானமாகத் தள்ளுவது எப்போதுமே சிக்கனமானது என்பதற்கு இதுவே காரணம். கப்பல்களின் புரொபெல்லர்கள் பல மீட்டர் விட்டத்தில் நிமிடத்துக்கு நூறு சுற்று அளவில் சோம்பலாகச் சுழல்வது இதனால்தான்.

அவுட்போர்டு மோட்டாரில் இந்தச் சுதந்திரம் கிடையாது. இன்ஜினின் நீருக்குள் இறங்கும் காலில், புரொபெல்லருக்கு மேலே இருக்கும் தட்டுக்கும் கீழே நீண்டிருக்கும் செங்குத்துத் தகட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி, விட்டத்துக்கு ஓர் உச்சவரம்பு போட்டுவிடுகிறது. தவிர, விட்டத்தை மாற்றுவது விளையாட்டல்ல: ஒரே சுழற்சி வேகத்தில் புரொபெல்லர் விழுங்கும் திறன் விட்டத்தின் ஐந்தாம் மடியாக ஏறுகிறது. விட்டத்தை 5 சதவீதம் கூட்டினால் கிட்டத்தட்ட 28 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். ஆகவே தயாரிப்பாளர்கள் ஒரு குறிப்பிட்ட இன்ஜினுக்கு விட்டத்தை ஒரு சிறிய எல்லைக்குள் வைத்துக்கொண்டு, பிட்ச்சைத்தான் படிப்படியாக மாற்றித் தருகிறார்கள். பிட்ச் குறையும்போது விட்டம் சற்றுக் கூடும். பிட்ச் கூடும்போது விட்டம் குறையும். படகுக்காரர் கையில் உண்மையில் இருக்கும் தேர்வு பிட்ச் ஒன்றே என்று சொல்லிவிடலாம்.

அந்தத் தேர்வுக்கு ஒரே ஒரு நம்பகமான அளவுகோல் இருக்கிறது. ஒவ்வொரு இன்ஜினுக்கும் முழு த்ராட்டிலில் எத்தனை ஆர்.பி.எம். தொட வேண்டும் என்ற வரம்பைக் கையேட்டில் கொடுத்திருப்பார்கள். சிறிய டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்களில் அது பெரும்பாலும் 4,500 முதல் 5,500 வரை. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் 5,000 முதல் 6,000 வரை. வழக்கமாக ஏற்றும் சுமையோடு, முழு த்ராட்டிலில் ஓட்டும்போது இன்ஜின் இந்த வரம்பின் மேல்பாதியில் நின்றால் புரொபெல்லர் சரி. வரம்பை எட்டாமல் கீழேயே திணறினால் பிட்ச் அதிகம். வரம்பைத் தாண்டிப் பறந்தால் பிட்ச் குறைவு.

இந்த இரண்டு தவறுகளில் முதலாவதுதான் அதிகம் நடப்பது. ஆபத்தும் அதில்தான் மறைந்திருக்கிறது. பிட்ச் கூடிய புரொபெல்லரோடு இன்ஜின் அமைதியாக ஓடுவதுபோல இருக்கும். சத்தம் குறைவாக இருப்பதால் அது நிம்மதியாக ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் த்ராட்டில் முழுதும் திறந்து எரிபொருள் உள்ளே கொட்டிக்கொண்டிருக்க, கிராங்க் வேகமாகச் சுழல முடியாமல் தவிக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் ஏறுகின்றன, கரி படிகிறது, பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்கின்றன. பிட்ச் குறைவான புரொபெல்லரால் வரும் கெடுதல் வேறு வகை. இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழன்று கனெக்டிங் ராடையும் பேரிங்கையும் தேய்க்கும். புதிய இன்ஜின்கள் பலவற்றில் வேகத்துக்குக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. பழைய சிறிய டூ-ஸ்ட்ரோக்குகள் பலவற்றில் கிடையாது.

பிட்ச்சை ஓர் அங்குலம் மாற்றினால் 150 முதல் 200 ஆர்.பி.எம். மாறும் என்று ஒரு விதி புழக்கத்தில் இருக்கிறது. அது 20 அங்குலத்தை ஒட்டிய பிட்ச் கொண்ட பெரிய இன்ஜின்களிலிருந்து வந்தது. 20-ல் ஓர் அங்குலம் என்பது 5 சதவீதம். 10 அங்குலப் புரொபெல்லரில் அதே ஓர் அங்குலம் 10 சதவீதம். தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஓடும் சிறிய இன்ஜின்களில் மாற்றம் இதைவிடக் கூடுதலாகவே தெரியும்.

ஒரு கற்பனைப் படகை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்ஜினின் கியர் விகிதம் 2. அதாவது இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் புரொபெல்லர் ஒரு சுற்று. 10 அங்குல பிட்ச். சுமை ஏற்றிய படகில் முழு த்ராட்டிலில் 4,400 ஆர்.பி.எம். தான் வருகிறது என்று கொள்வோம். புரொபெல்லர் நிமிடத்துக்கு 2,200 சுற்று, சுற்றுக்கு 25.4 சென்டிமீட்டர் என்றால் மணிக்கு 33.5 கிலோமீட்டர் போக வேண்டும். படகு போவதோ மணிக்கு 14 கிலோமீட்டர். நழுவல் 58 சதவீதம். இதையே கழற்றிவிட்டு, விட்டம் சற்றுக் கூடிய 8 அங்குல பிட்ச் புரொபெல்லரை மாட்டியபின் இன்ஜின் 5,100-க்கு ஏறுகிறது என்றால், கணக்கு வேகம் மணிக்கு 31 கிலோமீட்டராகக் குறைகிறது. படகின் வேகம் 15-ஆகக் கூடுகிறது. நழுவல் 52 சதவீதம். பிட்ச்சைக் குறைத்ததும் படகு வேகமாகப் போகிறது என்பது முதலில் கேட்பவருக்கு முரணாகப்படும். தன் முழுத் திறனையும் வெளிப்படுத்த முடியாமல் இருந்த இன்ஜினுக்கு அந்த வாய்ப்பு இப்போதுதான் கிடைத்தது, அவ்வளவே. இதே இன்ஜின் இரண்டு பேரோடு நீர்மேல் எழுந்து சறுக்கிப் போகும் இலகுவான படகில் இருந்தால், 10 அங்குலப் புரொபெல்லரோடு 5,000-ஐத் தாண்டிவிடும். நழுவல் 15 சதவீத அளவில்தான் இருக்கும்.

அவுட்போர்டு மோட்டாரின் பிறப்பு இந்த இலகுவான படகுகளோடுதான். 1909-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டார், ஏரிகளில் துடுப்புப் போடும் சிறு படகுகளுக்கானது. அதன் பிறகும் நெடுங்காலம் இந்தத் தொழிலின் கண் பொழுதுபோக்குப் படகுகள் மீதே இருந்தது. தமிழகக் கடற்கரையில் 1980-களில் கட்டுமரங்களும் வள்ளங்களும் இயந்திரமயமானபோது, சறுக்குப் படகுகளை மனதில் வைத்து உருவான கியர் விகிதமும் புரொபெல்லரும் கனமான மீன்பிடிப் படகுகளின் முதுகில் ஏறின. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருகியபோதும் இந்தப் பொருத்தமின்மை தொடர்ந்தது.

நீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகுக்கு அதன் நீளமே ஒரு வேக எல்லையை விதிக்கிறது. நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள படகுக்கு அந்த எல்லை மணிக்கு சுமார் 12 கிலோமீட்டர். ஒல்லியான படகுகள் கொஞ்சம் மீறலாம்; ஆனால் அந்தப் புள்ளிக்கு மேல் படகு தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏற முயல்கிறது, செலவு செய்யும் எரிபொருளில் பெரும்பகுதி அலையாகிப் போகிறது. இப்படிப்பட்ட படகுக்கு வேண்டியது, கியர் குறைப்பு அதிகமாகவும் விட்டம் பெரிதாகவும் பிட்ச் சிறிதாகவும் உள்ள அமைப்பு. சில நிறுவனங்கள் சுமைப் படகுகளுக்கென்றே கியர் விகிதம் 3-ஐ நெருங்கும் மாதிரிகளை விற்பது இதற்காகத்தான். ஒரே குதிரைத்திறன், ஆனால் இழுவை வேறு.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு நல்ல தொடர்பு உண்டு. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு நடத்திய வங்காள விரிகுடாத் திட்டம் 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. அதில் பணியாற்றிய நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிரான்சன், சிறு மீன்பிடிப் படகுகளில் எரிபொருளை மிச்சப்படுத்துவது பற்றி 1980-களில் எழுதிய கையேடும், 2012-ல் அதே அமைப்பு வெளியிட்ட விரிவான நூலும் புரொபெல்லர் தேர்வுக்கு முக்கிய இடம் கொடுக்கின்றன. இவற்றின் அடிநாதமான கணக்கு எளிமையானது: புரொபெல்லர் கேட்கும் திறன், சுழற்சி வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. 5,000-ல் ஓட்டும் இன்ஜினை 4,000-க்கு இறக்கினால் தேவைப்படும் திறன் ஏறத்தாழ பாதி. வேகம் அந்த அளவுக்குக் குறையாது. சரியான புரொபெல்லரை மாட்டிவிட்டு எப்போதும் முழு த்ராட்டிலில் ஓட்டுபவர், மாட்டியதன் பலனில் பாதியைக் கடலிலேயே விட்டுவிடுகிறார்.

மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின்களுக்கு இன்னொரு திருத்தமும் தேவை. பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றும் இந்த இன்ஜின்களில் அழுத்த விகிதம் குறைவு. அதே அளவு சிலிண்டரிலிருந்து பெட்ரோல் தரும் திறன் கிடைக்காது. பெட்ரோல் மாதிரிக்கென்று வந்த புரொபெல்லரை அப்படியே எடுத்து இதில் போட்டால் திணறல் நிச்சயம்.

இறக்கைகளின் எண்ணிக்கை பற்றி நிறைய வாதம் நடக்கும். அதில் சாரம் குறைவு. இறக்கை குறையக் குறைய வீணடிப்பு கொஞ்சம் குறையும், அதிர்வு கூடும். கூடக்கூட நீரைப் பிடிக்கும் பலம் கூடும், உச்ச வேகம் குறையும். மூன்று இறக்கை என்பது சமரசம். கனமான சுமை, மெதுவான ஓட்டம், அலையில் அடிக்கடி தூக்கிப்போடும் கடல் என்றால் நான்கு இறக்கை யோசிக்கத்தக்கது; அப்போது பிட்ச்சை ஓர் அங்குலம் அளவில் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இறக்கையின் பரப்பும் வளைவும் எவ்வளவு நுட்பமானவை என்பதற்குப் பழைய சம்பவம் ஒன்று உண்டு. புரொபெல்லருக்கு 1836-ல் காப்புரிமை பெற்ற ஆங்கிலேயர் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித், இரண்டு முழுச் சுற்று கொண்ட நீளமான மரத் திருகு ஒன்றைத் தன் படகில் பொருத்தியிருந்தார். 1837-ல் லண்டன் பேடிங்டன் கால்வாயில் சோதனையின்போது அது எதிலோ மோதிப் பாதி உடைந்து விழுந்தது. படகு முன்னைவிட வேகமாக ஓடியது. அளவுக்கு மீறிய பரப்பு நீரோடு உரசிச் சக்தியைத் தின்றுகொண்டிருந்ததை அந்த மோதல் காட்டிக்கொடுத்தது.

உலோகத் தேர்வு, படகு ஓடும் இடத்தைப் பொறுத்தது. அலுமினியம் மலிவானது, மென்மையானது. பாறையில் பட்டால் இறக்கை வளையும் அல்லது உடையும். அது நல்லதுதான், ஏனென்றால் அடி இறக்கையோடு நின்றுவிடுகிறது. எவர்சில்வர் என்று நாம் சொல்லும் துருப்பிடிக்காத எஃகில் இறக்கையை மெல்லியதாகவும் விறைப்பாகவும் செய்யலாம்; வேகப் படகில் வித்தியாசம் தெரியும். ஆனால் அது வளையாததால் அடியின் பெரும்பகுதி கியருக்குப் போகும் வாய்ப்பு உண்டு. உப்புநீரில் எஃகுப் புரொபெல்லர் அலுமினியக் காலை மின்வேதி அரிப்புக்கு ஆளாக்கும். அந்த அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டி தேய்ந்துபோகாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும் மீன்பிடிப் படகுக்கு எஃகுப் புரொபெல்லர் வாங்குவது வீண் செலவு.

புரொபெல்லர் மீது சுமத்தப்படும் பல பழிகளுக்குக் காரணம் காற்று. திருப்பத்திலோ அலை முகட்டிலோ இன்ஜின் திடீரென்று அலறி, படகு இழுவை இழந்தால், நீர்மட்டத்திலிருந்து காற்று உறிஞ்சப்பட்டு இறக்கைகளைச் சூழ்ந்துகொண்டது என்று பொருள். இன்ஜினை உயரமாக மாட்டியிருப்பதே பெரும்பாலும் காரணம். புரொபெல்லருக்கு மேலே உள்ள தட்டு படகின் அடிப்பரப்புக்குச் சமமாகவோ அதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழேயோ இருக்க வேண்டும். இன்ஜின்கள் 15 அங்குலம், 20 அங்குலம் என்று வெவ்வேறு கால் நீளங்களில் வருகின்றன. 20 அங்குல உயரமுள்ள பின்பலகையில் 15 அங்குலக் காலை மாட்டிவிட்டு எந்தப் புரொபெல்லரை மாற்றினாலும் பயனில்லை.

இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளப்படுவது கேவிடேஷன். அதில் வெளிக்காற்றுக்குப் பங்கில்லை. இறக்கையின் முன்முகத்தில் அழுத்தம் மிகவும் இறங்கும்போது, நீர் அந்தச் சாதாரண வெப்பநிலையிலேயே கொதித்து ஆவிக் குமிழாகிறது. குமிழ்கள் சற்றுத் தள்ளி உடைந்து நொறுங்கும்போது உலோகத்தில் அம்மைத் தழும்புபோலக் குழி விழுகிறது. 1894-ல் சார்லஸ் பார்சன்ஸ் கட்டிய டர்பினியா என்ற நீராவி டர்பைன் கப்பல், ஒரே புரொபெல்லரோடு மணிக்கு 20 கடல் மைலைக்கூடத் தொடாமல் ஏமாற்றியது இதனால்தான். வேகமாகச் சுழன்ற புரொபெல்லர் நீருக்குப் பதிலாக ஆவியைக் கடைந்துகொண்டிருந்தது. பார்சன்ஸ் மூன்று தண்டுகளில் தண்டுக்கு மூன்றாக ஒன்பது புரொபெல்லர்களுக்குச் சுமையைப் பிரித்துக் கொடுத்தார். 1897-ல் அதே கப்பல் 34 கடல் மைல் வேகத்தைத் தொட்டது. சாதாரண அவுட்போர்டில் கேவிடேஷன் வருவது பெரும்பாலும் அடிபட்டு நெளிந்த இறக்கை ஓரத்தால். அரம் போட்டு ஓரத்தைச் சீராக்கினால் போதும்.

கடலை விட்டு உள்நாட்டு நீர்நிலைகளுக்கு வந்தால் கணக்கில் புதிய எண்கள் சேர்கின்றன. உதாரணமாக, தொரப்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர் மேட்டுநிலத்தில் தென்பெண்ணை ஆற்றை ஒட்டிய ஊர்; ஆற்றின் மேற்பகுதியில் கெலவரப்பள்ளி அணை. இந்த மேட்டுநிலத்தின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட 8, 9 சதவீதம் குறைவு. இன்ஜின் உறிஞ்சும் ஆக்சிஜனும், ஆகவே அது தரும் திறனும், அதே அளவு குறையும். நீரின் அடர்த்தி மட்டும் உயரத்தால் மாறுவதில்லை. கடற்கரையில் 10 குதிரைத்திறன் தந்த இன்ஜின் இங்கே 9 தரும். புரொபெல்லரோ பழைய 10-ஐக் கேட்டுக்கொண்டிருக்கும்.

விளைவைப் பெரிதுபடுத்தவும் கூடாது. மும்மடி விதிப்படி திறன் 9 சதவீதம் குறைந்தால் சுழற்சி 3 சதவீதம்தான் இறங்கும். 5,200 என்பது 5,050 ஆகும். நீரைக் கிழித்துப் போகும் மெதுவான படகுக்கு அரை அங்குல பிட்ச் அளவிலான வேறுபாடு இது. பலர் கவனிக்கக்கூட மாட்டார்கள். நீர்மேல் எழுந்து சறுக்க வேண்டிய படகின் நிலை வேறு. அது சறுக்குநிலைக்கு ஏறுவதற்குத் தாண்ட வேண்டிய ஒரு மேடு இருக்கிறது. கடற்கரையில் ஆறு பேரோடு அந்த மேட்டை மயிரிழையில் தாண்டிய படகு, ஓசூரில் தாண்டாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு அலையைத் தள்ளியபடியே நிற்கும், அப்போது ஆர்.பி.எம். 3 சதவீதம் அல்ல, பல நூறு இறங்கிவிடும். அப்படிப்பட்ட படகுக்கு ஓர் அங்குலம் குறைந்த பிட்ச் அவசியம். இதே ஆறு கீழே இறங்கிச் சேரும் கிருஷ்ணகிரி அணையின் உயரம் சுமார் 500 மீட்டர். அங்கே இழப்பு ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் காற்று 20 சதவீதம் லேசானது. அங்கே புரொபெல்லரை மாற்றாமல் ஓட்டுவது நியாயமே இல்லை. கார்புரேட்டர் உள்ள இன்ஜினில் உயரத்துக்கேற்ப ஜெட்டையும் சிறிதாக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் கூடி, பிளக் கறுத்து, புரொபெல்லர் மீது பழி விழும்.

கெலவரப்பள்ளியின் இன்னொரு பிரச்சினை உயரத்தைச் சேர்ந்ததல்ல. பெங்களூரின் பெல்லந்தூர், வர்தூர் ஏரிகளின் கழிவு கலந்து வரும் தென்பெண்ணை, மழைக்காலங்களில் அணையிலிருந்து வெளியேறும்போது மலைபோல நுரை பொங்கும் காட்சி செய்திகளில் அடிக்கடி வருவது. நுரை மேலே மிதப்பது. ஆனால் மதகுக்குக் கீழே காற்று கலந்து வெளுத்துப் புரளும் நீரில் புரொபெல்லருக்குப் பிடிமானம் குறையும். கழிவின் சத்தில் கொழிக்கும் ஆகாயத்தாமரை அதைவிடப் பெரிய தொல்லை. அதன் தண்டும் வேரும் குடத்தில் சுற்றிக்கொண்டால் இன்ஜின் திணறும், குளிர்நீர்த் துளை அடைபட்டுச் சூடேறும். பின்னோக்கி அரிவாள்போல வளைந்த இறக்கைகள் கொண்ட புரொபெல்லர் செடியை நழுவவிடும். சாதாரண ஓட்டத்தில் அதன் செயல்திறன் சற்றுக் குறைவு. அடர்ந்த படலத்தில் எந்த இறக்கையும் உதவாது. இப்பகுதி அணைகளில் மீன் பிடிப்பவர்களுக்குக் கைகொடுப்பது பரிசல்தான். ஆகாயத்தாமரை மண்டிய கரையில் இன்ஜினைவிட அது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

அவுட்போர்டு மோட்டார் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் கட்டாயமாக வேண்டியிருப்பது வெள்ளத்தில். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையில் ஊத்தங்கரை மூழ்கியது. நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் அடித்துச் செல்லப்பட்டன. கெலவரப்பள்ளி அணையில் நீர் திறக்கும்போதெல்லாம் தொரப்பள்ளி உள்ளிட்ட கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை விடப்படுவது வழக்கம். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது அணி அரக்கோணத்தில் இருக்கிறது. 2015 சென்னை வெள்ளத்தில் அந்தப் படையின் ரப்பர் படகுகளோடு, மீனவர்களின் ஃபைபர் படகுகளும் தெருக்களுக்குள் வந்தன. தெருவெள்ளத்தில் உச்ச வேகத்துக்கு வேலையில்லை. இரண்டடி நீரில், மூழ்கிய மதில்சுவர், இரும்புக் கம்பி, சேலை, பிளாஸ்டிக், கேபிள் எல்லாவற்றுக்கும் நடுவே, ஏற்றக்கூடிய மட்டும் ஆட்களை ஏற்றிக்கொண்டு நீரோட்டத்தை எதிர்த்து மெதுவாக நகர வேண்டும். ஆகவே கிடைக்கும் பிட்ச்களில் மிகக் குறைந்தது, உலோகம் அலுமினியம், சுற்றிலும் காப்பு வளையம் என்பதே பொருத்தமான கூட்டு. வளையம் கொஞ்சம் வேகத்தைத் தின்னும். நீரில் நிற்கும் மனிதர்களின் கால்களைக் காப்பதால் அந்தச் செலவு தகும்.

புரொபெல்லரை மாற்றுவதற்கு முன் இருப்பதைச் சோதிக்க வேண்டும். சிறிய இன்ஜின்களில் ஆர்.பி.எம். காட்டும் மீட்டர் இருக்காது. பிளக் வயரில் கம்பியைச் சுற்றிப் படிக்கும் சிறிய மீட்டர் குறைந்த விலையில் கிடைக்கிறது. வேகத்துக்குக் கைபேசியின் ஜி.பி.எஸ். போதும். வழக்கமான ஆட்கள், வலை, எரிபொருள் அனைத்தும் ஏற்றி, ஒரே வழியில் போகவும் வரவுமாக முழு த்ராட்டிலில் ஓட்டி இரண்டின் சராசரியை எடுத்தால் காற்றும் நீரோட்டமும் கழிந்துவிடும். வெறும் படகில் எடுத்த அளவு ஏமாற்றும். அதை நம்பித்தான் பலர் பிட்ச் கூடிய புரொபெல்லரை வாங்குகிறார்கள். அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்தாலோ, அடித்தட்டில் நீர் தேங்கியிருந்தாலோ, ஒரு பிளக் சரியாக எரியாவிட்டாலோ ஆர்.பி.எம். இறங்கும். இவற்றைச் சரிபார்க்காமல் புரொபெல்லரைக் குறை சொல்வதில் பொருளில்லை. சுமை போகும்போது ஒன்றாகவும் வரும்போது வேறாகவும் இருக்கும் மீன்பிடிப் படகில், மீனோடு திரும்பும் கனமான நிலையை வைத்துத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு. வெறும் படகில் போகும்போது த்ராட்டிலைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் போயிற்று.

வாங்கும்போது விட்டமும் பிட்ச்சும் பொருந்தினால் மட்டும் போதாது. குடத்தின் உள்ளே உள்ள பள்ளங்களின் எண்ணிக்கை தண்டோடு ஒத்துப்போக வேண்டும். ஒரே குதிரைத்திறனுள்ள இரண்டு நிறுவனங்களின் இன்ஜின்களுக்குள் இது மாறும். குடத்துக்குள் ஒரு ரப்பர் புஷ் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். சிறிய இன்ஜின்களில் அதற்குப் பதிலாக உடைவதற்கென்றே வைத்த பின் ஒன்று இருக்கும். இரண்டும் அடிபடும்போது தாங்கள் கெட்டு கியரைக் காப்பவை. மெதுவாக ஓட்டும்போது சரியாகப் போகும் படகு, த்ராட்டிலைக் கூட்டியதும் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் நின்றால் புஷ் வழுக்குகிறது. புதுப் புரொபெல்லர் தேவையில்லை, புஷ்ஷை மாற்றலாம். பின் உள்ள இன்ஜினில் உடைந்த பின்னுக்குப் பதிலாக ஆணியைச் செருகி ஓட்டுவது, அடுத்த அடியில் கியர்ப் பெட்டியையே விலையாகக் கேட்கும்.

மாட்டும்போது தண்டில் கடல்நீருக்கேற்ற கிரீஸ் தடவி, வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே போட்டு, நட்டை இறுக்கிப் புதிய காட்டர் பின் இட வேண்டும். கழற்றும் ஒவ்வொரு முறையும் குடத்துக்குப் பின்னால் தண்டில் நைலான் நூல் சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். வலையிலிருந்தோ தூண்டிலிலிருந்தோ வந்த ஒரு முழ நரம்பு எண்ணெய் சீலை அறுத்துவிடும். கியர் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் நீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். நீண்ட தூரம் போகும் படகில் பழைய புரொபெல்லரைத் தூக்கியெறியாமல், உதிரி நட்டு, பின், ஸ்பேனர் ஆகியவற்றோடு கட்டி வைத்துக்கொள்வார்கள். அந்த உதிரி, மாட்டியிருப்பதைவிடப் பிட்ச் குறைந்ததாக இருப்பது நல்லது. இன்னொரு படகைக் கயிறு கட்டி இழுத்துவர நேர்ந்தால் அதுதான் சரியான புரொபெல்லர்.